1345 மீட்டர்தானே என்று கிளம்பாதீர்கள்: ஸ்காட்லாந்தில் குளிர்கால மலையேற்றம்

“அக்கா, டிசம்பர் லீவுல நாலு பேரா பென் நெவிஸ் ஏறலாம்னு இருக்கோம். 1345 மீட்டர்தான். நம்ம கொடைக்கானலே 2100 இருக்குல்ல?”

கிளாஸ்கோவில் படிக்க வந்திருக்கும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் நவம்பரில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டது இது. நான் போடிநாயக்கனூர்க்காரி. பன்னிரண்டு வருடமாக இன்வர்னஸில் செவிலியராக வேலை பார்க்கிறேன். ஒன்பது குளிர்காலமாக இங்கே மலை ஏறுகிறேன். அன்று அவனிடம் ஒன்றரை மணி நேரம் பேசினேன். அதே கேள்வியோடு வருடாவருடம் யாராவது வருகிறார்கள் என்பதால் இப்போது எழுதியே வைக்கிறேன்.

முதலில் அந்த 1345. கொடைக்கானலுக்கு பஸ் போகிறது. பென் நெவிஸுக்கு நடக்கத் தொடங்கும் க்ளென் நெவிஸ் பள்ளத்தாக்கு கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் இருக்கிறது. ஆக, 1300 மீட்டரையும் உங்கள் கால்தான் ஏற வேண்டும். போடி இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து 10 டிகிரி வடக்கே. இந்த மலை 57 டிகிரியை ஒட்டி, அட்லாண்டிக் காற்று நேராக வந்து மோதும் இடத்தில் நிற்கிறது. 1883 முதல் 1904 வரை இதன் உச்சியில் ஒரு வானிலை ஆய்வுக்கூடம் இருந்தது. ஆட்கள் அங்கேயே தங்கி மணிக்கொரு தடவை அளந்து எழுதினார்கள். வெயில் காலத்தையும் சேர்த்து அவர்கள் கண்ட ஆண்டுச் சராசரி வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. டிசம்பரில் எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிழக்கே, நான் அதிகம் போகும் கெய்ர்ன்கார்ம் மலைத்தொடரில் குளிரைவிடக் காற்றுதான் பெரிய ஆள். கெய்ர்ன் கார்ம் சிகரத்தின் உயரம் 1245 மீட்டர். 1986 மார்ச் 20 அன்று அதன் உச்சியில் பதிவான காற்று மணிக்கு 173 மைல், அதாவது 278 கிலோமீட்டர். புயல் கரையைக் கடக்கும்போது நம்மூர் டிவியில் சொல்லும் எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஏன் போகிறேன்? அம்மா இதை என்னிடம் பல தடவை கேட்டிருக்கிறாள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது அழுதுகொண்டே கேட்டாள். குரங்கணி எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். நான் சிறுமியாக நடந்த பாதை அது. அன்று அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இப்போதும் முழுதாக இல்லை. பார்த்ததை வேண்டுமானால் சொல்லலாம். ஜனவரியில் சில நாட்கள் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் படுத்துக் கிடக்க, அதற்கு மேலே 900 மீட்டரில் நீல வானத்தின் கீழ் நிற்பீர்கள். டார்மிகன் என்றொரு பறவை கௌதாரி அளவில், உடம்பு முழுக்க வெள்ளையாக, காலில்கூட இறகோடு, மூன்றடி தள்ளி உட்கார்ந்து உங்களைப் பார்க்கும். சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ இருந்தால் கீழேயுள்ள மேகத்தில் உங்கள் நிழல் விழும். தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வட்டம் இருக்கும். 1894இல் பென் நெவிஸ் ஆய்வுக்கூடத்தில் இந்த வண்ண வளையத்தைப் பார்த்து அசந்துபோன சார்லஸ் வில்சன், மேகத்தைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உண்டாக்கிப் பார்க்க முயன்றார். அது துகள்களின் தடத்தைக் காட்டும் மேக அறையாக வளர்ந்து, 1927இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது. ஐந்து இரவு தொடர்ந்து வார்டில் இருந்துவிட்டு அப்படி ஒரு காலையில் போய் நின்றால், பேச்சே வராது.

சரி, போவது எப்படி என்பதற்கு வருவோம்.

வெயில் காலத்தில் தொடங்குங்கள்

முதல் மலை குளிர்காலத்தில் வேண்டவே வேண்டாம். மே முதல் செப்டம்பர் வரை அதே மலைகளில் பத்துத் தடவையாவது நடங்கள். வரைபடமும் திசைகாட்டியும் கையில் பழகட்டும். அடுத்து வரும் குளிர்காலத்தில் இரண்டு நாள் பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள். ஆவிமோர் பக்கம் க்ளென்மோர் லாட்ஜ் என்ற தேசியப் பயிற்சி மையம் இருக்கிறது; தகுதிச் சான்று பெற்ற தனி வழிகாட்டிகளும் நிறைய உண்டு. நான் வாங்கிய எந்த விலை உயர்ந்த ஜாக்கெட்டையும்விட அந்த இரண்டு நாள்தான் எனக்கு உழைத்திருக்கிறது.

அங்கே கற்றுத் தருவது பெரும்பாலும் நடப்பதுதான். இறுகிய பனியில் பூட்ஸின் ஓரத்தால் வெட்டிப் படி செய்து எப்படி ஏறுவது, குதிகாலை ஊன்றி எப்படி இறங்குவது, பூட்ஸுக்கடியில் மாட்டும் உலோக முள் சட்டமான கிராம்பானை மாட்டியபின் ஒரு காலின் முள் மற்றக் காலின் துணியில் சிக்காமல் சற்று அகட்டி எப்படி வைப்பது என்பதெல்லாம். ஐஸ் ஆக்ஸ் எனும் பனிக்கோடரி எப்போதும் மேட்டுப் பக்கத்துக் கையில், கூர்மூக்கு பின்பக்கம் பார்க்க இருக்க வேண்டும். நடப்பவர்களுக்கு 50 முதல் 60 சென்டிமீட்டர் நீளம் போதும். அதைப் பையில் கட்டிக்கொண்டே போய் வழுக்கியவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சரிவு தொடங்குவதற்கு முன்பே கையில் எடுத்துவிடுங்கள்.

வழுக்கினால்: ஒரு கை கோடரியின் தலையில், மறு கை தண்டின் அடிநுனியில். தண்டு மார்புக்குக் குறுக்கே சாய்வாக இருக்கட்டும். தலையின் தட்டையான பக்கம் தோளுக்கும் காறை எலும்புக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் அமர வேண்டும். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, குப்புறப் படுத்து, உடம்பின் பாரம் முழுவதையும் கூர்மூக்கின் மேல் போடுங்கள். கிராம்பான் மாட்டியிருந்தால் பாதங்களைத் தூக்கிவிடுங்கள்; முள் பனியில் மாட்டினால் கணுக்கால் போகும், அல்லது உடம்பு தலைகீழாகப் புரட்டி எறியப்படும். இதைப் படித்து யாரும் கற்க முடியாது. அடியில் பாறை இல்லாத, தானாகவே சமதளத்தில் போய் நிற்கும் ஒரு சின்னச் சரிவில், ஹெல்மெட் போட்டு, கிராம்பானைக் கழற்றி வைத்துவிட்டு, வருடத்தின் முதல் பனியில் இருபது தடவை வேண்டுமென்றே வழுக்கிப் பாருங்கள். தலை கீழாக, மல்லாக்க, இடது கையால் என்று எல்லா விதமாகவும். நான் இன்றுவரை ஒவ்வொரு டிசம்பரிலும் இதைச் செய்கிறேன். நல்ல கடினப் பனியில் முதல் இரண்டு விநாடிக்குள் நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் நிற்க முடியாது. அதனால் வழுக்காமல் நடப்பதே முதல் பாடம்.

பூட்ஸ் வாங்கும்போது கடைக்காரரிடம் பி1, பி2 என்று கேளுங்கள்; அடிப்பாகம் எவ்வளவு விறைப்பு என்பதைச் சொல்லும் தரம் அது. வளையாத அடிப்பாகம் வேண்டும். கிராம்பானுக்கு அதேபோல சி1, சி2 என்று தரம் உண்டு; பி1 பூட்ஸுக்கு சி1 கிராம்பான் பொருந்தும். சாதாரண ட்ரெக்கிங் ஷூ நடுவில் வளையும், கிராம்பான் கழன்று போகும். ரப்பரில் சின்னச் சங்கிலிமுள் கோத்து விற்பார்கள். அது ஐஸ் பிடித்த ஊர்ப் பாதைக்கு. மலைச்சரிவுக்கு அதை நம்பாதீர்கள்.

முதல் நாள் மாலை

பயணத்தின் முக்கால்வாசி வேலை முதல் நாள் மாலை சமையலறை மேசையில் நடக்கிறது. மவுண்டன் வெதர் இன்ஃபர்மேஷன் சர்வீஸ் தரும் முன்னறிவிப்பைத் திறங்கள். ஊர் வானிலையைச் சொல்லும் செயலி மலைக்கு உதவாது. நான் முதலில் பார்ப்பது காற்று. வேகம் இரு மடங்கானால் உடம்பைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 40 மைல் என்றால் நடப்பதே உழைப்பு. அதைத் தாண்டும் என்றால் நான் உச்சியை விட்டுவிட்டுக் காட்டுப் பாதைக்குப் போய்விடுவேன். அடுத்து, எந்த உயரத்தில் உறைநிலை, எத்தனை மணிக்குக் காற்று ஏறும், மேகம் எங்கே உட்காரும்.

பிறகு ஸ்காட்டிஷ் அவலாஞ்ச் இன்ஃபர்மேஷன் சர்வீஸ். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை ஆறு மலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு ஆபத்தை ஐந்து படிகளில் தினமும் சொல்கிறார்கள். வட்டமான ஒரு படம் இருக்கும். எந்தத் திசை பார்த்த சரிவில், எந்த உயரத்தில் ஆபத்து என்று நிறத்தில் காட்டும். அதை வரைபடத்தோடு வைத்து உங்கள் பாதை எந்தத் திசைச் சரிவைக் கடக்கிறது என்று பாருங்கள்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் பனிச்சரிவு என்றால் இமயமலை, எவரெஸ்ட் என்றுதான் நினைக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் பனி வானத்திலிருந்து விழுவதைவிட, காற்றால் ஒரு பக்கம் சுரண்டப்பட்டு மறுபக்கம் கொட்டப்படுவதுதான் முக்கியம். தென்மேற்குக் காற்று இரண்டு நாள் அடித்தால் வடகிழக்குச் சரிவில் பலகை போல ஒரு படலம் படிந்துவிடும். கீழே உள்ள பழைய பனியோடு அது ஒட்டியிருக்காது. வானம் அன்று நீலமாக, அழகாக இருக்கலாம். 30 முதல் 45 டிகிரிச் சரிவில் நீங்கள் வைக்கும் ஓர் அடி போதும், பலகை விரிசல் விட்டு உங்களோடு கிளம்பிவிடும். பனிச்சரிவில் சிக்குபவர்களில் பெரும்பாலோர் தாங்களோ தங்கள் கூட்டத்தினரோ கிளப்பிய சரிவில்தான் சிக்குகிறார்கள். பூட்ஸுக்கடியில் பனி தெர்மாகோல் போலக் கீச்சிட்டாலோ, காலடியிலிருந்து கோடு போல விரிசல் ஓடினாலோ, வந்த வழியே திரும்புங்கள். விளிம்புகளில் காற்று கட்டும் பனித்தாழ்வாரத்துக்கு கார்னிஸ் என்று பெயர். மேலிருந்து பார்த்தால் கெட்டித் தரை போலவே தெரியும், கீழே வெறும் காற்று. அது உடையும்போது நீங்கள் நினைத்ததைவிடப் பல அடி உள்ளே தள்ளித்தான் உடையும்.

அடுத்தது வெளிச்சம். டிசம்பர் கடைசியில் இன்வர்னஸில் சூரியன் ஏறக்குறைய 9 மணிக்கு வந்து 3.35க்குப் போய்விடும். வில்லியம் நெய்ஸ்மித் என்பவர் 1892இல் ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். நான் குளிர்காலத்தில் அந்த விடையோடு பாதியைக் கூட்டிக்கொள்வேன். முழங்கால் பனி என்றால் அதற்கும் மேல். இந்தக் கணக்கிலிருந்து திரும்பும் நேரம் ஒன்று வரும். அதைக் காகிதத்தில் எழுதி, எல்லோரும் பார்த்து, அதன் பிறகு தூங்கப் போங்கள்.

நாங்கள் நேரத்தை மீறிய நாள்

2019 பிப்ரவரியில் நானும் என் வார்டில் வேலை செய்யும் தோழி ஒருத்தியும் கெய்ர்ன் கார்ம் உச்சிக்குப் போனோம். 2 மணிக்கு மேல் காற்று ஏறும் என்று முன்னறிவிப்பு தெளிவாகச் சொல்லியிருந்தது. 12 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்று நான்தான் எழுதினேன். பனி ஆழமாக இருந்ததால் 12 மணிக்கு இன்னும் 150 மீட்டர் ஏற வேண்டியிருந்தது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உச்சியிலுள்ள வானிலைக் கூண்டு கண்ணுக்குத் தெரிந்தது. “போயிடலாம்” என்று சொன்னது நான்தான்.

12.50க்கு உச்சி. ஐந்து நிமிடத்தில் மேகம் மூடியது. தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை. நடுவில் கோடே இல்லை. நின்றுகொண்டிருக்கும்போதே சாய்வது போலத் தலை சுற்றும். காற்று வேறு ஏறத் தொடங்கியது. வரைபடம் எடுக்கத் தோழி ஒரு கையுறையைக் கழற்றினாள், அது பறந்துபோனது. பத்து நிமிடம் கழித்து அவள் ஜிப்பைப் பிடித்து இழுக்கத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டால் “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றாள், நாக்கு தடித்தவர் பேசுவது போல. இரண்டு தடவை தடுமாறினாள். வார்டில் எத்தனையோ முதியவர்களிடம் நான் பார்த்த அதே அறிகுறிகள். உடம்பின் உள்வெப்பம் இறங்கும்போது முதலில் போவது விரல் நுணுக்கம், அப்புறம் பேச்சு, நடை, புத்தி. பாதிக்கப்பட்டவருக்கு அது தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும்.

காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, என் பையிலிருந்த சாக்குப்பை போன்ற அவசரக் கூடாரத்தை இருவர் தலைமேலும் இழுத்துக்கொண்டோம். 400 கிராம்கூட இருக்காது அது. காற்று நின்றதுமே பாதி உயிர் வந்தது போல இருந்தது. அவளைப் பையின் மேல் உட்கார வைத்தேன். உபரிக் கையுறையும் இன்னொரு கம்பளி மேலாடையும் போட்டுவிட்டு, நிறையச் சர்க்கரை போட்ட சுக்குக் காப்பியைக் குடிக்க வைத்தேன். வெளுத்துப்போன இரண்டு விரல் நுனிகளைத் தேய்க்கவில்லை. தேய்க்கவே கூடாது, திசு கிழியும். என் அக்குளில் வைத்துக்கொண்டேன். பிராந்தி தருவது சினிமாவில்தான். மது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, இருக்கிற வெப்பத்தையும் வெளியே விட்டுவிடும். இருபது நிமிடத்தில் அவள் தெளிவாகப் பேசினாள். அந்த நிலையில் நகரலாம். நடுக்கமே நின்று, தூக்கம் வருகிறது என்று சொல்லத் தொடங்கியிருந்தால் நகர்த்தியிருக்க மாட்டேன். மீட்புக் குழுவைக் கூப்பிட்டுக் காத்திருப்பேன்.

இறங்க வேண்டிய முனைக்கு வரைபடத்தில் 1141 என்று உயரம் போட்டிருக்கும். வலப்பக்கம் கார்னிஸ் கட்டிய விளிம்பு. திசைகாட்டியில் கோணம் வைத்து, செல்போனை அதிலிருந்து தள்ளிப் பின்பையில் போட்டேன், ஏனென்றால் போனிலுள்ள காந்தம் ஊசியைக் குழப்பும். அடிக்கடி ஒரு பனி உருண்டையை முன்னால் எறிந்து பார்த்தேன். தரையில் விழுந்து தெரிந்தால் தரை இருக்கிறது, காணாமல் போனால் நில். நூறு மீட்டருக்கு எனக்கு 65 இரட்டை அடி; அந்தப் பனியில் 80 என்று எண்ணினேன். 1141இன் கற்குவியல் காலில் தட்டும் வரை அது கண்ணில் படவில்லை. இருட்டியபின் கார் நிறுத்துமிடம் வந்து சேர்ந்தோம். அவள் விரல்களில் மரத்த உணர்வு போக மூன்று வாரம் ஆனது.

இதே கெய்ர்ன்கார்ம் மலைத்தொடரின் பீடபூமியில்தான் 1971 நவம்பரில் எடின்பரோவிலிருந்து வந்த பள்ளிக் குழந்தைகள் புயலில் சிக்கினார்கள். ஒதுங்க நினைத்த சிறு கல் குடிலை அடைய முடியாமல் இரண்டு இரவு வெட்டவெளியில் கிடந்ததில் ஐந்து மாணவர்களும் ஒரு இளம் வழிகாட்டியும் இறந்தார்கள். அந்த இடத்தின் பக்கம் போகும்போதெல்லாம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நடப்பேன்.

பையில் என்ன, யாருக்குச் சொல்ல வேண்டும்

பருத்தி வேண்டாம், பனியனும் ஜீன்ஸும் உட்பட. நனைந்த பருத்தி காயாது. உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர், மேலே ஃபிளீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத உறை, நிற்கும்போது போட ஒரு தடித்த ஜாக்கெட். கையுறை மூன்று ஜோடி. அந்த நாளுக்குப் பிறகு நான் அவற்றை மணிக்கட்டில் நாடா கட்டித்தான் போடுகிறேன். பனி முகத்தில் ஊசியாக அடிக்கும்போது கண்ணைத் திறக்க ஸ்கீ கண்ணாடி. தலைவிளக்கு இரண்டு. செல்போன் உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில். வெளியே வைத்தால் 60 சதவீதம் காட்டும் பேட்டரி சட்டென்று அணைந்துவிடும். சாப்பாட்டுக்காக எங்கும் உட்காராதீர்கள். கடலை மிட்டாயையும் பேரீச்சம்பழத்தையும் சின்னத் துண்டுகளாக்கிச் சட்டைப் பையில் போட்டு, முக்கால் மணிக்கொரு தடவை நடந்துகொண்டே வாயில் போடுங்கள்.

பென் நெவிஸுக்கே ஒரு நாள் போவீர்கள் என்றால் இரண்டு எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உச்சியிலுள்ள அளவைத் தூணிலிருந்து 231 டிகிரியில் 150 மீட்டர், அதன்பின் 282 டிகிரி. இவை வரைபடக் கோணங்கள். காந்தத் திருத்தத்தை உங்கள் வரைபடத்தின் ஓரத்தில் பார்த்துச் சேர்க்க வேண்டும். வலப்பக்கம் வடக்குச் செங்குத்து, இடப்பக்கம் ஃபைவ் ஃபிங்கர் கல்லி எனும் பிளவு. மேகத்தில் நேராக நடந்தவர்கள் இரண்டிலும் விழுந்திருக்கிறார்கள்.

உதவி வேண்டுமென்றால் 999. முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேளுங்கள். மீட்புக் குழுவினர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்; உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். சிக்னல் மங்கலான இடத்தில் குறுஞ்செய்தி போகக்கூடும். ஆனால் அதற்கு உங்கள் எண்ணை 999க்கு ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கில வார்த்தையை அனுப்பி முன்பே பதிந்திருக்க வேண்டும். இன்றே செய்யுங்கள். விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. பதில் மூன்று ஊதலாக வரும்.

அந்தத் தம்பியும் அவன் நண்பர்களும் டிசம்பரில் பென் நெவிஸ் போகவில்லை. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை நானே அவர்களை க்ளென்மோருக்கு மேலேயுள்ள மியால் அ வூக்கலுக்குக் கூட்டிப்போனேன். ‘இடையன் குன்று’ என்று பொருள். 810 மீட்டர், நல்ல பாதை, வழியில் பச்சைத் தண்ணீர் ஏரி ஒன்று, அடிவாரத்தில் ரைவோன் என்ற கல் குடில். முதல் குளிர்கால மலைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியாது. உச்சிக்கு ஐம்பது மீட்டர் இருக்கும்போது மணி 12 ஆனது. தம்பி தானாகவே கடிகாரத்தைப் பார்த்து, “அக்கா, திரும்பலாம்” என்றான். திரும்பினோம்.

முதல் நாள் இரவு என் வீட்டுக்காரருக்கு நான் அனுப்பிய செய்தியை அப்படியே தருகிறேன். பெயர்களையும் நேரத்தையும் மாற்றி நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்:

“நாளை சனி. ஐந்து பேர். நீல நிறக் கார், க்ளென்மோர் கார் நிறுத்துமிடம். காலை 9 மணிக்கு நடை. பச்சை ஏரி, ரைவோன் குடில், மியால் அ வூக்கல், வந்த வழியே திரும்பல். 12 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவோம். காற்று அதிகமானால் குடிலோடு நிறுத்திக்கொள்வோம். வேறு மலைக்குப் போக மாட்டோம். என் பையில் அவசரக் கூடாரம், தம்பி பையில் இன்னொன்று. 3.30க்குக் கீழே வந்ததும் கூப்பிடுகிறேன். 5.30 வரை என்னிடமிருந்து எதுவும் வரவில்லை என்றால் 999க்குப் பேசி இதைப் படித்துக் காட்டுங்கள்.”